டிகிரி என்று வாயால் சொன்னார்கள், தாளில் எழுதித் தரவில்லை

இந்த வருடம் இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் காவடி பார்க்கப் போனபோது கோயில் வாசலில் இரண்டு பெண்கள் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பால்குடம் வைத்திருந்தவர்கள் கையில்கூடத் திணித்தார்கள். நகைக்கடை விளம்பரமாக இருக்கும் என்று வாங்கிப் பார்த்தால், என் மகளின் ஒரு வருடத்தைத் தின்ற அதே கல்லூரி. மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, ரிசல்ட்டும் தைப்பூசமும் ஒட்டி ஒட்டி வருகிற ஊர் இது. எந்த வாசலில் எப்போது நிற்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பெயர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்பதால் போடவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மகள் 2022இல் மெட்ரிக் எழுதினாள். பேச்சலர் பாஸ், அதாவது டிகிரிக்கு விண்ணப்பிக்கத் தகுதியான தேர்ச்சி. பத்தாம் வகுப்பிலிருந்தே ஜர்னலிசம்தான் படிப்பேன் என்று நின்றவள். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜர்னலிசம் துறை உண்டு, இடம் கிடைக்கவில்லை. மகண்டாவில் ரோட்ஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2018 வரை கிரஹாம்ஸ்டவுன் என்று பெயர் இருந்த ஊர். அங்கே நான்கு வருட ஜர்னலிசப் பட்டம் உண்டு. 1870இல் தொடங்கிய ‘குரோகாட்ஸ் மெயில்’ என்ற ஊர்ப் பத்திரிகையே பல்கலைக்கழகத்தின் கையில் இருப்பதால் பிள்ளைகள் நிஜப் பத்திரிகையில் வேலை பழகலாம். ஆனால் “பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பணுமா?” என்றார் என் வீட்டுக்காரர். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அங்கே விண்ணப்பமே போடவில்லை.

ஜனவரி கடைசியில், எங்குமே இடம் இல்லாமல், நகரத்தின் நடுவில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடிக்குப் போனோம். லிஃப்ட் ஓடவில்லை. மேலே ஏசி அறை, பழுப்பு சோபா, சாக்லேட் கிண்ணம். கவுன்சிலர் என்று ஒரு பையன், இருபத்தைந்து வயதிருக்கும், நம்ம முகம்தான். “ஆன்ட்டி, கவலையே படாதீங்க, மூணு வருஷ டிகிரி, படிக்கும்போதே வேலை” என்றான். அரை மணி நேரத்தில் டிகிரி என்ற வார்த்தையை எத்தனை தரம் சொன்னான் என்று கணக்கில்லை. நான் திருநெல்வேலிக்காரி. எங்கள் ஊர்ப் பழக்கத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: “எந்த யூனிவர்சிட்டியோட அஃபிலியேஷன்?” அவன் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டி, “ஃபுல்லி அக்ரெடிட்டட், ஆன்ட்டி” என்றான். அரசாங்கத்தாள் மாதிரி இருந்தது. அது போதும் என்று தோன்றியது.

நான் கோட்டை விட்டது இங்கேதான். தமிழ்நாட்டில் தனியார் கல்லூரி என்றால் பின்னால் ஒரு பல்கலைக்கழகம் இருக்கும். பட்டத்தை அதுதான் கொடுக்கும். கல்லூரி எவ்வளவு மட்டமாக இருந்தாலும் பட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. இங்கே அந்த ஏற்பாடு இல்லை. தனியார் நிறுவனம் தன் பெயரிலேயே தகுதி கொடுக்கிறது. அதற்கு அந்த நிறுவனம் உயர்கல்வி, பயிற்சித் துறையில் பதிவாகியிருக்க வேண்டும். அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு சி.எச்.இ. என்கிற உயர்கல்விக் குழுவின் அங்கீகாரமும் வேண்டும். சுவரில் தொங்கியது இரண்டும் இல்லை. அது செட்டா கொடுத்தது. செட்டா என்பது ஒவ்வொரு தொழில் துறைக்கும் திறன் பயிற்சியைப் பார்த்துக்கொள்கிற அமைப்பு. அது அங்கீகரித்திருந்தது ஒரு குறுகிய காலப் பயிற்சியை. பையன் சொன்ன ‘அக்ரெடிட்டட்’ பொய் இல்லை. எதற்கு என்பதைத்தான் விழுங்கிவிட்டான்.

பதிவுக் கட்டணம் 2,500 ராண்ட், வருடத்துக்கு 46,000, பத்துத் தவணை. லேப்டாப்பையும் அவர்களிடமே வாங்க வேண்டுமாம், 9,800. அதே லேப்டாப் வெளிக்கடையில் என்ன விலை என்று பிறகு விசாரித்தேன், வயிறு எரிந்ததுதான் மிச்சம். “அடுத்த வருஷம் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ்.-க்குப் போட்டுக்கலாம்” என்றும் சொன்னான். அந்த அரசு உதவி பொதுப் பல்கலைக்கழகங்களுக்கும் டிவெட் என்கிற அரசு தொழிற்பயிற்சிக் கல்லூரிகளுக்கும்தான், தனியாருக்குக் கிடையாது. அவனுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முப்பத்தொரு பேருக்கு ஒரு கேமரா, அதன் பேட்டரி இருபது நிமிடம் தாங்காது. ரேடியோ ஸ்டுடியோ என்பது முட்டை அட்டை ஒட்டிய ஸ்டோர் ரூம். 2023இல் லோட்ஷெட்டிங் என்று வந்த மின்வெட்டு யாருக்கும் மறந்திருக்காது. எடிட்டிங் வகுப்பு பாதி நாள் இருட்டில்தான். ஜெனரேட்டர் உண்டு, அது அட்மிஷன் அலுவலகத்துக்கு மட்டும். ஐந்து மாதத்தில் மூன்று விரிவுரையாளர்கள் மாறினார்கள்.

ஒரு அசைன்மென்ட் என்னிடம் இன்னும் இருக்கிறது. டர்பன் பத்திரிகைகளின் வரலாறு எழுதச் சொன்னார்கள். மகள் 1903இல் காந்தி இங்கே தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ முதலில் நான்கு மொழிகளில், தமிழ்ப் பகுதியோடு, வந்ததையும், 1908இல் பி. எஸ். ஐயர் தொடங்கிய ‘ஆப்பிரிக்கன் க்ரானிக்கிள்’ தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்ததையும் எழுதியிருந்தாள். இரண்டு வாரம் நூலகத்தில் உட்கார்ந்து செய்த வேலை. விரிவுரையாளர் ‘டர்பன்’ என்பதைச் சிவப்பு மையில் அடித்து ‘ஜோஹன்னஸ்பர்க்’ என்று திருத்தி, ‘தமிழ்’ மேல் ஒரு கேள்விக்குறி போட்டு, நாற்பதுக்குப் பதினான்கு கொடுத்திருந்தார். ஐயர் பத்திரிகை பற்றிய பத்தியில் ஒரு கோடுகூட இல்லை. படித்தே இருக்க மாட்டார். அன்றைக்குத்தான் முதல்முதலாக “அம்மா, இது சரியான இடமில்லை” என்றாள். பாதியில் விட்டால் பணம் போய்விடுமே என்று நான்தான் அவளை அடக்கினேன்.

பிறகு ‘இன்டர்ன்ஷிப்’. கல்லூரி முதலாளியின் உறவினர் நடத்தும் செய்தித் தளத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் போட்ட செய்தியை வார்த்தை மாற்றி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு எழுத வேண்டும். ஒருவருக்கும் போன் செய்து விசாரிக்கக் கூடாது, நேரம் வீணாம். சம்பளம் கிடையாது.

குட்டு உடைந்தது எங்கள் சாட்ஸ்வொர்த் வீட்டு வேலிக்கு அந்தப்பக்கம். பக்கத்து வீட்டு அக்கா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அவர் குடும்பம் கரும்புத் தோட்டத்துக்கு வந்து நாலு தலைமுறை ஆகிறது. தமிழில் சாமி பாட்டும் சாப்பாட்டுப் பெயரும் மட்டும் தெரியும். துணி காயப்போடும்போது கேட்டார்: “என்.க்யூ.எஃப். எந்த லெவல்?” நான் முழித்தேன். உள்ளே போய் ஒப்பந்தத்தை எடுத்துவந்தேன். நாலாவது பக்கத்தில், பொடி எழுத்தில், ‘சர்டிஃபிகேட் புரோகிராம்’. டிகிரி என்ற சொல் பதினொரு பக்கத்தில் ஓர் இடத்திலும் இல்லை.

அவர் சொன்னது இதுதான். என்.க்யூ.எஃப். என்பது இந்த நாட்டுப் படிப்புகளை லெவல் வாரியாகப் பிரிக்கிற ஏற்பாடு. ஹையர் சர்டிஃபிகேட் லெவல் 5, டிப்ளமோ 6, பேச்சலர் டிகிரி 7. மூன்று வருட டிகிரிக்குக் குறைந்தது 360 கிரெடிட். அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு படிப்புக்கும் சாக்வா என்று இங்கே சொல்கிற தகுதிகள் ஆணையத்தின் எண் ஒன்று உண்டு. எண்ணைத் தளத்தில் தட்டினால் படிப்பின் பெயர், லெவல், கிரெடிட் எல்லாம் வரும். பதிவான தனியார் நிறுவனங்களின் பட்டியலை உயர்கல்வித் துறை தனியாக வெளியிடுகிறது. எந்த நிறுவனத்துக்கு எந்தெந்தப் படிப்பு என்பதும் அதில் இருக்கும். அன்று சாயங்காலமே பார்த்தோம். எங்கள் கல்லூரி பட்டியலிலேயே இல்லை. பட்டியலில் இருக்கிற, ஒழுங்காக நடக்கிற தனியார் இடங்களும் உண்டு. தனியார் என்பதற்காக நான் திட்டவில்லை.

பணத்தைக் கேட்டுப் போனால் சோபா அறைக்குள்ளேயே விடவில்லை. தெரிந்த வக்கீல் ஒருவர் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி, இருபது வேலை நாள் நோட்டீஸ் கொடுத்து ஒப்பந்தத்தை ரத்து செய்யும் கடிதம் எழுதிக் கொடுத்தார். பொய் விளம்பரம் என்பதையும் சேர்த்திருந்தார். நாலு மாதம் இழுத்து 11,000 ராண்ட் திருப்பித் தந்தார்கள். அதற்குள் பதிவுக் கட்டணமும் ஆறு தவணையும் லேப்டாப்பும் சேர்த்து 39,900 போயிருந்தது. கையெழுத்துப் போடும்போது ‘இதைப் பற்றி வெளியில் பேச மாட்டேன்’ என்று ஒரு தாளையும் நீட்டினார்கள். அதில் மட்டும் போடவில்லை.

மகள் அங்கே படித்ததில் ஒரு கிரெடிட்டைக்கூட எந்தப் பல்கலைக்கழகமும் எடுத்துக்கொள்ளவில்லை. 2024இல் ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கினாள். இந்த முறை செப்டம்பருக்குள்ளேயே விண்ணப்பம் போட்டோம், தூரத்து ஊருக்கும் சேர்த்து. அவள் அப்பா வாயைத் திறக்கவில்லை.

கோயிலில் கொடுத்த நோட்டீஸில் இப்போது ‘டிகிரி’ என்று பெரிதாகவே போட்டிருக்கிறார்கள், பக்கத்தில் குட்டி நட்சத்திரத்தோடு. நட்சத்திரத்துக்கு விளக்கம் கீழே இருக்க வேண்டும். அந்த இடத்தில் வாட்ஸ்அப் எண்தான் இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு யாராவது இப்படி ஒரு தாள் கொடுத்திருந்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை கோயில் தமிழ் வகுப்புக்கு எடுத்து வாருங்கள். பதினொரு மணிக்கு வகுப்பு முடிந்ததும் நானும் பக்கத்து வீட்டு அக்காவும் அங்கேதான் இருப்போம். படிப்பின் சாக்வா எண்ணைத் தட்டிப் பார்க்கப் பத்து நிமிடம்கூட ஆகாது.