ஃப்ளோரோகார்பன் என்று சொல்லி நைலானைத் தலையில் கட்டிவிட்டார்கள்: ₹6,480 போச்சு

₹6,480. மூன்று நாளாக இந்தத் தொகைதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஃப்ளை தூண்டிலுக்கு லீடர் கட்ட ஃப்ளோரோகார்பன் என்கிற ஒருவகை பிளாஸ்டிக் நரம்பு வாங்கி ஏமாந்துவிட்டேன். நம் பக்கத்து ஆட்கள் வேறு யாரும் இதே இடத்தில் போய் விழக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃப்ளை தூண்டிலில் வீசுவதற்கான எடை தடித்த லைனில் இருக்கிறது. முள்ளில் கட்டிய இறகுப் பூச்சிக்கு எடை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒன்பது அடி நீளத்துக்கு வரும் நரம்புதான் லீடர். லைன் பக்கம் தடிமனாகத் தொடங்கி நுனி வரை மெலிந்துகொண்டே போக வேண்டும். வண்டிக்காரர் சாட்டையை வீசினால் விசை நுனி வரை ஓடுகிறதே, அதே கணக்கு. மெலியாத லீடர் சுருண்டு குவியலாகத் தண்ணீரில் விழும்.

எனக்கு இது புன்னைக்காயலில், தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில், கொடுவா பிடிக்க வேண்டியிருந்தது. கொடுவாவின் வாய் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. செவுள் மூடியின் ஓரம் பிளேடு. நைலான் தண்ணீரை உறிஞ்சிப் பலம் குறையும். ஃப்ளோரோகார்பன் உறிஞ்சாது, உரசலையும் கூடுதலாகத் தாங்கும். நான் ஏறி இறங்கிய கடைகளில் தங்கூசி என்கிற நைலான் நரம்பு கட்டுக் கட்டாக இருந்தது, ஃப்ளோரோகார்பன் இல்லை. அதனால் இணையத்துக்குப் போனேன். சமூக வலைதளத்தில் பக்கம் வைத்து, போனில் ஆர்டர் எடுத்து, கூரியரில் அனுப்புகிற ஒரு தூண்டில் சாமான் கடை. பெயர் சொல்லவில்லை.

நான் நம்பிய இடத்தைச் சொல்லியே ஆக வேண்டும். போன் எடுத்தவர், “எந்த ஆத்துல போடுதீங்க அண்ணாச்சி?” என்று அவரே கேட்டார். தாமிரபரணி என்றதும் குரலே மாறிவிட்டது. “எங்க ஆச்சி ஊரு சேரன்மாதேவி. லீவு விட்டா கன்னடியன் கால்வாய்லதான் கெடப்பேன்” என்றார். அப்புறம் லீடர் கட்டுவதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். நீளத்தில் அறுபது சதவீதம் தடித்த பகுதி, இருபது சதவீதம் படிப்படியாக மெலிகிற பகுதி, மீதி இருபது நுனி என்றார். இது ஃப்ளை தூண்டில்காரர்கள் வழிவழியாக வைத்திருக்கிற சரியான கணக்கு. இவ்வளவு தெரிந்தவர், அதுவும் நம்ம ஊர்க்காரர், ஏமாற்றவா போகிறார் என்று நினைத்தேன். “நம்மாளுக்குக் கூரியர் காசு வேண்டாம்” என்று வேறு சொன்னார். 0.50 மில்லிமீட்டர் தடிமனிலிருந்து 0.28 வரை, உருளையில் சுற்றிய நரம்பு ஐந்து ஸ்பூல், ஒன்று ₹840. மெலிந்து வருகிற ரெடிமேட் லீடர் நான்கு, ஒன்று ₹570. மொத்தம் ₹6,480, முழுப் பணத்தையும் அந்த நிமிடமே போனில் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே மச்சானோடு வள்ளத்தில் போனேன். ரெடிமேட் லீடர் ஒவ்வொரு வீச்சிலும் சுருண்டு விழுந்தது. சரி, என் கைதான் சரியில்லை என்று ஸ்பூல் நரம்பில் நானே கட்டினேன். ஒவ்வொரு முடிச்சையும் எச்சில் தொட்டு இறுக்கி, இழுத்துப் பார்த்துத்தான் போட்டேன். ஏழு மணி வாக்கில் ஒரு கொடுவா எடுத்தது. மூன்று முறை துள்ளியது, நுனியில் அறுத்துக்கொண்டு போய்விட்டது. மீன் போனதற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன், கொடுவா நல்ல நரம்பையும் அறுக்கும். ஆனால் மிச்சம் வந்த நரம்பைக் கையில் இழுத்தபோது ரப்பர் மாதிரி நீண்டது. அங்கேதான் சந்தேகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பை, இனிமேல் கரையாது என்கிற வரை போட்டுக் கலக்கினேன். நைலானின் அடர்த்தி 1.14, ஃப்ளோரோகார்பன் 1.78 அளவில். சாதாரணத் தண்ணீரில் இரண்டுமே மூழ்கும், வித்தியாசம் தெரியாது. உப்பு நிறைந்த தண்ணீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.2. அதில் நைலான் மிதக்கும், ஃப்ளோரோகார்பன் அடியில் போய் உட்காரும். ஐந்து ஸ்பூலிலும் ஒவ்வொரு துண்டு வெட்டிப் போட்டேன். ஐந்தும் மிதந்தன. கரண்டியால் அமுக்கினாலும் மேலே வந்தன. நண்பர் ஒருவர் எப்போதோ கொடுத்த பழைய ஃப்ளோரோகார்பன் துண்டு நேரே கீழே போனது. மறுநாள் தெரிந்தவர் லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன். ரெடிமேட் லீடர் இரண்டு முனையிலும் 0.40. மெலியவே இல்லை! வெறும் நரம்பை ஒன்பது அடிக்கு வெட்டி, ஒரு வளையம் போட்டு, அட்டையில் வைத்து ₹570. 0.28 என்று ஒட்டியிருந்த ஸ்பூல் 0.35 காட்டியது.

போன் பண்ணினேன். “முடிச்சு சரியாப் போட்டிருக்க மாட்டீங்க அண்ணாச்சி” என்றார். டம்ளர் வீடியோவை அனுப்பினேன். “உப்புத் தண்ணியில எல்லா நரம்பும் மெதக்கத்தான் செய்யும்” என்றார். மைக்ரோமீட்டர் படத்தை அனுப்பினேன். “பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா? சீல் உடைச்ச ஸ்பூலைத் திருப்பி எடுக்க மாட்டோம்.” சீலை உடைக்காமல் உள்ளே இருப்பது நைலானா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? கேட்டேன், பதில் இல்லை. ₹6,480-ஐத் திருப்பிக் கொடுங்கள் என்று நேராகக் கேட்டதும், அண்ணாச்சி என்றவர் “சார்” என்றார். “கம்பெனியில கேட்டுச் சொல்றோம் சார்.” அந்த ஆச்சி ஊர்ப் பேச்சும் அதோடு காணாமல் போனது. சாயங்காலம் பார்த்தால் அவர் படம் தெரியவில்லை, செய்தி போகவில்லை. என் எண்ணை முடக்கிவிட்டார்.

அவசரமாகச் சில விஷயங்கள். முதலில் ஒரே ஒரு ஸ்பூல் வாங்கி உப்புத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். துண்டில் காற்றுக் குமிழி ஒட்டாமல் அமுக்கி விடவும். கொளுத்திப் பார்க்காதீர்கள், ஃப்ளோரோகார்பன் எரியும் புகை விஷம். ரெடிமேட் லீடரை இரண்டு முனையிலும் விரலால் உருட்டிப் பார்த்தாலே தடிமன் தெரியும், நான் அதைக்கூடச் செய்யவில்லை. குளத்தில் விராலுக்கு மிதக்கிற தவளைப் பூச்சி போடுகிறவர்களுக்கு நைலானே போதும், ஃப்ளோரோகார்பன் மூழ்கிப் பூச்சியையும் இழுக்கும். ஆனால் நைலானுக்கு நைலான் விலைதான் கொடுக்க வேண்டும். பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். முழுப் பணத்தை முன்னாலேயே அனுப்பாதீர்கள்.

பணம் அனுப்பிய ரசீது, பேச்சுப் பதிவு, டம்ளர் வீடியோ எல்லாம் பத்திரமாக இருக்கிறது. இன்று காலை 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். ₹6,480-ம் வந்தால் இதே இடத்தில் எழுதுகிறேன்.