வளர்ச்சிக் கல்விக்கு (டெவலப்மென்ட் ஸ்டடீஸ்) எந்த முதுகலை? டெல்டா மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு

காவிரி டெல்டாவின் வெண்ணாறு வடிநிலத்தில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு போன்றவற்றைச் சீரமைக்க ஆசிய வளர்ச்சி வங்கி 2016இல் 10 கோடி டாலர் கடன் கொடுத்தது. கரையைப் பலப்படுத்துவதும் மதகு கட்டுவதும் பொறியாளர் வேலை. கரைமேல் பட்டா இல்லாமல் குடியிருப்பவர்கள்? அவர்களுக்கும் இழந்த வீட்டுக்கு ஈடு தர வேண்டும் என்றது, அப்போது நடப்பில் இருந்த அந்த வங்கியின் 2009ஆம் ஆண்டுப் பாதுகாப்புக் கொள்கை. வீடு வீடாகக் கணக்கெடுக்கணும், கூரைக்கும் சுவருக்கும் இன்றைய விலை போடணும், கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருமா என்றும் பார்க்கணும். பன்னாட்டு வளர்ச்சித் துறையின் அன்றாடம் இதுதான். ஒரு படிப்பு இதில் எத்தனை வேலைக்கு நம்மைத் தயார்செய்கிறது என்பதை வைத்தே தேர்ந்தெடுக்கலாம்.

முதலில் நேரடியான வளர்ச்சிக் கல்வி எம்.ஏ. சென்னை ஐஐடி, மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம், பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் மூன்றிலும் இரண்டு வருடம். சமூகவியல், அரசியல், பொருளியல், சூழலியல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். இளங்கலையில் தமிழோ வரலாறோ படித்தவருக்கு இது நல்ல வாசல். இதன் பலவீனமும் அந்த அகலத்தில்தான் இருக்கிறது: எல்லாவற்றிலும் கொஞ்சம், எதிலும் ஆழமில்லை என்று முடிந்துவிடலாம். புள்ளியியலை இரண்டாம் வருடத்துக்குத் தள்ளிவைப்பவர் களத்தில் எடுத்த தரவை வைத்துக்கொண்டு ஆய்வேட்டில் திணறுவார். முதல் பருவத்திலேயே எடுத்துவிடுங்கள்.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரிவதில்லை. கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வான யுஜிசி நெட்டில் வளர்ச்சிக் கல்வி தனிப்பாடமாக இல்லை. பொருளியல் தாளுக்குள் அடக்கம். நுண்பொருளியலையும் பேரியல் பொருளியலையும் தொடாமல் பட்டம் வாங்கியவர், பேராசிரியராக ஆசைப்படும்போது அந்தத் தாளில் மாட்டிக்கொள்வார்.

அடுத்தது பொருளியல் எம்.ஏ. எடுத்து, விருப்பப் பாடங்களால் அகலப்படுத்துவது. திருவாரூர் நீலக்குடியில் 2009இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. பொருளியலும் சமூகப்பணியும் இரண்டுமே அங்கே உண்டு. எகனாமெட்ரிக்ஸ் (பொருளியல் தரவைப் புள்ளியியலால் அலசும் முறை) கைக்கு வந்தவருக்குத் திட்ட மதிப்பீட்டு வேலைகள் எளிதில் திறக்கும் என்பதால் எங்கள் ஓட்டு இதற்கே. ஆனால் கணக்கு அறவே வராதவர் வேண்டாம். ஜிஐஎஸ் (கணினி வரைபடத்தில் இடத் தரவை அலசுவது), நீர்ச்சட்டம் போன்ற விருப்பப் பாடங்கள் படிப்புக் கையேட்டில் அச்சாகியிருந்தாலும் போதுமான மாணவர் சேராவிட்டால் நடத்த மாட்டார்கள். நடத்தினாலும் கட்டாயப் பாடத்தோடு நேரம் மோதலாம்.

கிராம மேம்பாட்டுப் படிப்பு, திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தில் இருப்பது போன்றது, களத்துக்குப் பலம். ஊராட்சி, சுயஉதவிக் குழு, கூட்டுறவு எல்லாம் கைப்பழக்கமாகும். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அது மட்டும் போதாது.

வெளிநாடு? பிரிட்டனில் முதுகலை ஒரே வருடம்தான், 180 கிரெடிட். அங்கே ஒரு கிரெடிட் என்றால் சுமார் 10 மணி நேர உழைப்பு. நம்மூர் கிரெடிட்டோடு போட்டுப் பார்க்காதீர்கள். ஆய்வேட்டுக்குப் பெரும்பாலும் 60 போய்விடும். மீதி 120ஐ இருபது இருபதாகப் பிரித்தால் ஆறு பாடம். கட்டாயப் பாடம் போக நாம் தேர்ந்தெடுக்க இரண்டு மூன்றே மிஞ்சும். அடிப்படை கற்க அங்கே நேரமில்லை. பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்ததும் இரண்டு வருடம் தாய்நாட்டில் இருக்கவும் வேண்டும். ஆகவே இங்கே பொருளியல், பிறகு நாகை, வேதாரண்யம் பக்கம் களப்பணி, அதற்குப் பின் வெளிநாடு என்ற வரிசையே பணத்துக்கும் படிப்புக்கும் லாபம்.

விண்ணப்பக் காலத்தைத் தவறவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. ஐஐடிக்குத் தேவையான கேட் (GATE) தேர்வு பிப்ரவரியில் என்றாலும் பதிவு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே ஓடும். மூன்றாம் வருடம் தொடங்கியதுமே பார்க்கணும். அந்த மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். டாடா நிறுவனமும் திருவாரூரும் கியூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுகலைப் பிரிவு வழியே சேர்க்கின்றன. அசிம் பிரேம்ஜிக்குத் தனித் தேர்வு.

இடம் கிடைத்ததும் பணம் கட்டுமுன் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: கடந்த இரண்டு வருடத்தில் உண்மையில் நடந்த விருப்பப் பாடங்கள் எவை, வேறு துறைப் பாடம் எத்தனை கிரெடிட் வரை எடுக்கலாம், களப்பணி எத்தனை வாரம், அதன் செலவு யாருடையது? பதில் கையேட்டை அப்படியே வெட்டி ஒட்டியதாக இருந்தால், அங்கே படிக்கும் சீனியர் யாரையாவது பிடித்துக் கேளுங்கள்.