கிரிப்டோ தளம் திறக்கவில்லையா? ‘கஸ்டமர் கேர்’ எண்ணைத் தேடி அழைக்காதீர்கள்

கிரிப்டோ வர்த்தகத் தளம் ஒன்று திடீரெனத் திறக்காமல் போனால், அதன் பெயரோடு ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று சேர்த்துத் தேடி, முதலில் கண்ணில் படும் எண்ணை அழைத்துவிட வேண்டாம். என் அக்காவின் கணவர் அப்படிக் கிடைத்த ஓர் எண்ணை நம்பி, ஏறத்தாழ நான்கு லட்சம் ரூபாய் மதிப்புள்ள யு.எஸ்.டி.டி. என்ற, டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ நாணயத்தையும், வங்கிக் கணக்கிலிருந்து மேலும் அறுபதாயிரம் ரூபாயையும் பறிகொடுத்தார். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து, பல வருடங்களாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. அவருடைய சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். இதே வலையில் இன்னொரு குடும்பம் விழக் கூடாது என்று என்னைவிட அவரே அதிகம் விரும்புகிறார்.

முதலில், தளம் ஏன் நின்றது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2023 மார்ச்சில் கிரிப்டோ வர்த்தகம் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. இந்தியர்களுக்குச் சேவை வழங்கும் நிறுவனம் வெளிநாட்டில் இருந்தாலும், மத்திய நிதி அமைச்சகத்தின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்தாக வேண்டும் என்ற நிலை அதனால் வந்தது. அவ்வாறு பதிவு செய்யாத ஒன்பது வெளிநாட்டு நிறுவனங்களுக்கு 2023 டிசம்பர் 28 அன்று அப்பிரிவு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அவற்றின் இணைய முகவரிகளை முடக்குமாறு மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கும் எழுதியது. அடுத்த மாதமே அந்தச் செயலிகள் இந்திய ஆப் ஸ்டோரிலிருந்தும் பிளே ஸ்டோரிலிருந்தும் நீக்கப்பட்டன, தளங்களும் முடக்கப்பட்டன. மாமா கணக்கு வைத்திருந்த தளமும் அப்போதுதான் நின்றது. காலையில் செல்போன் டேட்டாவில் திறந்த தளம், மாலையில் வீட்டு பிராட்பேண்டில் திறக்கவில்லை. மறுநாள் இரண்டிலும் இல்லை. கணக்கில் இருந்த தொகைக்கு எந்தச் சேதமும் ஏற்படவில்லை என்றாலும், பக்கமே வராதபோது பணமும் போய்விட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். மோசடிக்காரர்கள் கணக்குப் போட்டுக் காத்திருந்தது அந்தப் பதற்றத்துக்காகத்தான்.

தேடலில் வந்த எண்ணை எடுத்தவர் நல்ல தமிழில், நிதானமாகப் பேசியிருக்கிறார். அரசு உத்தரவால் இந்தியக் கணக்குகள் முடக்கப்பட்டிருப்பதாகவும், அன்று மாலைக்குள் ‘வாலட் வெரிஃபிகேஷன்’ செய்யாவிட்டால் முழுத் தொகையும் அரசுக்குப் போய்விடும் என்றும் சொல்லியிருக்கிறார். செய்தித்தாளில் வந்த உண்மையோடு ஒரு பொய்யைக் கோத்துச் சொன்னதால் நம்பாமல் இருக்க முடியவில்லை. பிறகு, உண்மையான தளத்தின் பெயரோடு ‘சப்போர்ட்’ என்ற சொல் மட்டும் ஒட்டியிருந்த ஒரு லிங்க் வந்தது. நிறம், லோகோ, உள்நுழையும் பெட்டி எல்லாம் அப்படியே இருந்தன. அதில் பாஸ்வேர்டும் உள்நுழைபவரை உறுதிசெய்யும் ஆதென்டிகேட்டர் செயலியின் ஆறு இலக்க எண்ணும் பதிந்த மறு நொடியே, அவற்றைக் கொண்டு அவர்கள் வேறெங்கோ இருந்து அசல் தளத்தில் நுழைந்துவிட்டார்கள். அந்த எண் 30 விநாடிக்கு ஒருமுறை மாறுவதால் பாதுகாப்பானது என்று நினைக்கிறோம். எதிர்முனையில் ஆள் தயாராக உட்கார்ந்திருந்தால் 30 விநாடி அவருக்குத் தாராளம்.

அதற்கு முன்பே திரையைப் பகிரும் செயலி ஒன்றையும் பதிவிறக்கச் சொல்லியிருந்தார்கள். இத்தகைய செயலிகள் வழியாக வங்கிப் பணம் திருடப்படுவதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. அசல் தளத்தில் நுழைந்தவர்கள் பணத்தை எடுக்க முயன்றபோது, அதை உறுதிசெய்யும் ஓ.டி.பி. மாமாவின் மின்னஞ்சலுக்கு வந்தது. அந்த மின்னஞ்சலைப் பிறகு நான் திறந்து பார்த்தேன். பணம் வெளியே எடுப்பதற்கான கோரிக்கை என்று முதல் வரியிலேயே ஆங்கிலத்தில் இருந்தது. அதன் கீழே தொகை, அது அனுப்பப்படும் பிளாக்செயினான டிரான் நெட்வொர்க்கின் பெயர், ‘டி’ என்ற எழுத்தில் தொடங்கும் நீண்ட முகவரி, பிறகு பெரிய எழுத்தில் ஆறு இலக்கங்கள். ஆனால் போனில் இருந்தவர், “மெயிலைத் திறக்க வேண்டாம் சார், மேலே நோட்டிஃபிகேஷனில் தெரியும் நம்பரை மட்டும் படியுங்கள்” என்று சொல்லியிருக்கிறார். நோட்டிஃபிகேஷனில் அந்த இலக்கங்கள் மட்டும்தான் தெரிந்தன. தொகையும் முகவரியும் தெரியவில்லை. இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து இந்த ஓர் இடத்தில் நில்லுங்கள். ஓ.டி.பி. எதற்காக வந்தது என்பது அந்த மின்னஞ்சலிலேயே எழுதியிருக்கும். அதைப் படிக்க விடாமல் அவசரப்படுத்துகிறவர் யாராக இருந்தாலும் உடனே அழைப்பைத் துண்டியுங்கள்.

அத்தோடும் விடவில்லை. ‘வெரிஃபிகேஷன்’ முடிந்துவிட்டது, இனி வரி கட்டினால் கணக்கு திறக்கும் என்று சொல்லி, யு.பி.ஐ. வழியாக ஒரு தனிநபர் கணக்குக்கு அறுபதாயிரம் ரூபாய் அனுப்ப வைத்தார்கள். கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருப்பதும், பரிவர்த்தனைக்கு ஒரு சதவீத டி.டி.எஸ். அதே ஆண்டு ஜூலையில் வந்ததும் உண்மைதான். ஆனால் டி.டி.எஸ். பரிவர்த்தனைத் தொகையிலேயே பிடிக்கப்படும். லாபத்துக்கான வரியை நாம் நம்முடைய பான் எண்ணில் வருமான வரித் துறைக்கு நேரடியாகச் செலுத்துகிறோம். பணத்தை விடுவிப்பதற்கு முன்வரி கட்டு என்று எந்த நேர்மையான தளமும் கேட்காது. அதுவும் யாரோ ஒருவருடைய யு.பி.ஐ. ஐ.டி.க்குக் கேட்கவே கேட்காது.

அன்றிரவு அக்கா எனக்கு போன் செய்தபோது நான் முதலில் சைபர் மோசடிக்கான அரசு உதவி எண்ணான 1930-ஐ அழைக்கச் சொன்னேன். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்தோம். வங்கியிலிருந்து போன தொகையில் ஒரு பகுதி அடுத்த கணக்கில் நிற்பது தெரிந்து, அது மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. இந்த விஷயத்தில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் தகவல் போய்ச் சேர வேண்டும். நின்ற தொகையைத் திரும்பப் பெற நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது. யு.எஸ்.டி.டி. திரும்பவில்லை. அது போன பாதையை டிரான் நெட்வொர்க்கின் பொதுப் பதிவேட்டில் யாரும் பார்க்கலாம் என்பதால் நாங்களும் பார்த்தோம். ஒரு முகவரிக்குச் சென்று, அங்கிருந்து பல துண்டுகளாகப் பிரிந்திருந்தது.

அசல் தளத்தின் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. வாடிக்கையாளரின் பணத்தை வைத்திருக்கும் நிறுவனம், இந்த நாட்டில் தன் பக்கம் திறக்காது என்று தெரிந்த நாளிலேயே, எங்களுக்குத் தொலைபேசி எண் கிடையாது, எந்த எண்ணையும் நம்பாதீர்கள் என்று ஒரு மின்னஞ்சலாவது அனுப்பியிருக்க வேண்டும். மாமாவுக்கு அப்படி எதுவும் வரவில்லை. நாங்கள் அனுப்பிய புகாருக்கு முதலில் தானியங்கிப் பதில் வந்தது. வெகுநாள் கழித்து, காவல்துறை மூலமாக வாருங்கள் என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான்.

தளம் திறக்காதபோது என்ன பார்க்க வேண்டும் என்று பலர் என்னைக் கேட்கிறார்கள். வைஃபையை அணைத்து, செல்போன் டேட்டாவில் திறந்து பாருங்கள். வேறு ஊரில் வேறு நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் ஒருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். எங்குமே திறக்கவில்லை என்றால் அரசு முடக்கியிருக்கலாம் அல்லது தளமே பழுதாகியிருக்கலாம். இரண்டுமே செய்தியாக வெளிவரும். பக்கம் திறந்து ஆறு இலக்க எண் மட்டும் தவறு என்று வந்தால், பெரும்பாலும் செல்போனின் கடிகாரம் பிசகியிருக்கும். ஆதென்டிகேட்டர் எண் நேரத்தை வைத்தே கணக்கிடப்படுவதால், தேதியையும் நேரத்தையும் தானாகச் சரியாகும்படி அமைத்தால் அது சரியாகிவிடும். பாஸ்வேர்டை மாற்றியபின் பணம் எடுக்க முடியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பல தளங்கள் பாதுகாப்புக்காக ஒரு நாள் அளவுக்கு நிறுத்திவைக்கின்றன. இந்த ஏற்பாடே நமக்கு ஆயுதமும் கூட: சந்தேகம் வந்த கணத்தில் பாஸ்வேர்டை மாற்றினால் திருடனுக்கும் அந்தக் கதவு மூடும். தளத்தின் முகவரியை ஒருமுறை சரிபார்த்து புக்மார்க் செய்துவிட்டு, அதன் வழியாக மட்டுமே நுழையுங்கள். வேறு நாட்டிலிருந்து இணைவதுபோல் காட்டும் இலவச வி.பி.என். போட்டு உள்ளே போகலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். புதிய நாட்டிலிருந்து நுழைவதாகக் கருதித் தளமே கணக்கைப் பூட்டிவிடக்கூடும் என்பதால் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

காத்திருந்தவர்களில் பலருக்கு வழி பிறந்தது. நோட்டீஸ் பெற்ற அந்த ஒன்பது நிறுவனங்களில் குக்காயின், பைனான்ஸ் ஆகிய இரண்டும் அபராதம் கட்டி, 2024-லேயே நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு பெற்றுத் திரும்பின. பைனான்சுக்கு விதிக்கப்பட்ட அபராதம் மட்டும் 18.82 கோடி ரூபாய். மாமாவும் சும்மா இருந்திருந்தால் பணம் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும் என்பதுதான் எங்களுக்கு ஆறாத வேதனை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புகார் கொடுத்த பிறகு, இழந்த கிரிப்டோவை மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று டெலிகிராமில் வரிசையாகச் செய்திகள் வந்தன. அசல் தளத்தின் லெட்டர்ஹெட் போலவே ஒரு கடிதத்தைக்கூட ஒருவர் அனுப்பினார். ஏற்கெனவே ஏமாந்தவர்களின் எண்கள் இந்தக் கூட்டத்துக்குள் கைமாறுகின்றன என்றே நினைக்கிறேன். அவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

2025 அக்டோபர் 1 அன்று மேலும் 25 வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நிதிப் புலனாய்வுப் பிரிவு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. ஆகவே, திறக்காத தளங்களும் அவற்றின் பெயரில் போலி எண்களும் மீண்டும் வரும். பணம் போயிருந்தால் உடனே 1930. பணம் போகாமல், சந்தேகத்துக்குரிய அழைப்போ செய்தியோ மட்டும் வந்திருந்தால், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ‘சக்ஷு’ என்ற பகுதியில் புகார் செய்யலாம். அழைத்த எண், நேரம், ஸ்கிரீன்ஷாட், பரிவர்த்தனை எண் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். எங்கள் புகாரில் காவல்துறையினர் முதலில் கேட்டவை இவைதான்.