ஆண்டு இறுதிச் செய்தி வீடு போய்ச் சேர வாட்ஸ்அப் போதுமா? தொடக்கப் பள்ளிகளுக்கான மதிப்பீடு

ஏப்ரல் வந்தால் தொடக்கப் பள்ளியிலிருந்து வீடுகளுக்குச் சொல்ல வேண்டியவை குவிந்துவிடும். ஆண்டுத் தேர்வு, ஆண்டு விழா, நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தருவது, கோடை விடுமுறை, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் டிசி (மாற்றுச் சான்றிதழ்), ஒன்றாம் வகுப்பில் தம்பி தங்கைகளைச் சேர்ப்பது என்று எல்லாம் ஒரே மாதத்தில் வரும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியானாலும் உதவி பெறும் பள்ளியானாலும் இப்போது இதற்கு நம்பியிருப்பது வாட்ஸ்அப்பைத்தான். பள்ளி சொல்வதை வீட்டுக்குக் கொண்டுசேர்க்க அது நன்றாகவே உதவுகிறது. வீட்டு விவரத்தைப் பள்ளி கேட்டு வாங்குவதற்கு மட்டும் அதை நம்பக் கூடாது.

பெரும்பாலான பள்ளிகளில் இருப்பது எல்லோரும் எழுதக்கூடிய ஒரே குரூப். ஆண்டு இறுதிக்கு இதைவிடப் பொருந்தாத ஏற்பாடு இல்லை. தேர்வு அட்டவணை போட்ட அரை மணி நேரத்தில் ‘ஓகே சார்’, ‘நன்றி மிஸ்’, கும்பிடும் கைகள் என நாற்பது பதில்கள் விழும். மாலையில் வேலை முடிந்து வந்து போனைத் திறக்கும் அப்பாவுக்கு அட்டவணை எங்கே போனது என்றே தெரியாது. குரூப் பெர்மிஷன்ஸ் பகுதியில் உறுப்பினர்கள் செய்தி அனுப்பும் வசதியை அணைத்துவிட்டால், அட்மின் மட்டும்தான் எழுத முடியும். முக்கியமான செய்தியை 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று மேலே பின் செய்து வைக்கலாம். தேர்வு அட்டவணைக்கு 30 நாளைத் தேர்ந்தெடுங்கள்.

இதைவிட நல்ல அமைப்பு கம்யூனிட்டி. வகுப்புக்கு ஒரு குரூப் வைத்து, அத்தனையையும் ஒரு கம்யூனிட்டிக்குள் சேர்க்க வேண்டும். மொத்தப் பள்ளிக்கும் பொதுவானதை அறிவிப்புக் குரூப்பில் போடலாம். அங்கே அட்மின் மட்டுமே எழுத முடியும். பெற்றோரின் எண்ணும் மற்ற பெற்றோருக்குத் தெரியாது. அம்மாக்களின் எண் முன்பின் தெரியாத இருநூறு பேர் கையில் கிடப்பதை எந்தப் பள்ளியும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த ஒரு காரணத்துக்காகவே கம்யூனிட்டிக்கு மாறலாம். ஆனால் உள்ளே இருக்கும் வகுப்புக் குரூப்பில் எண்கள் தெரியத்தான் செய்யும்.

வகுப்புக் குரூப்பில் ஒரு தனி வசதி உண்டு. அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து இன்ஃபோ பார்த்தால், யார் படித்தார், யாருக்குப் போய்ச் சேர்ந்ததோடு நிற்கிறது என்று பெயர் பெயராகக் காட்டும். நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவருக்கும் குரூப்பில் இது பொருந்தும். இரண்டு நாள் கழித்துப் பார்த்து, படிக்காத ஐந்தாறு வீடுகளுக்கு மட்டும் போன் போட்டால் வேலை முடிந்தது.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட்டை நம்ப வேண்டாம். பள்ளியின் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அந்தச் செய்தி போகும். ஒரு பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்கவும் முடியாது. சேமிக்காத வீடு எது என்று அனுப்புபவருக்குத் தெரியாமலே போய்விடும். யாரும் பின்தொடரக்கூடிய வாட்ஸ்அப் சேனல் ஊருக்கே சொல்லும் அறிவிப்புக்குச் சரி, பிள்ளைகளின் படத்துக்குச் சரியல்ல.

செய்தியை எழுதும் விதத்தில்தான் அதிகம் தவறுகிறது. ‘வரும் திங்கள் டிசி வழங்கப்படும்’ என்ற வரியை மூன்று நாள் கழித்துப் படிப்பவர் அடுத்த திங்கள் என்று எடுத்துக்கொள்வார். தேதி, கிழமை, நேரம் மூன்றும் வேண்டும். வகுப்பு முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும். மாதிரிக்கு:

“5ஆம் வகுப்புப் பெற்றோருக்கு மட்டும். டிசி வழங்கும் நாள்: (தேதி), திங்கள், காலை 10 முதல் 12.30 வரை. அப்பா, அம்மா யாராவது ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கவும். பணம் எதுவும் கட்ட வேண்டாம்.”

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பணம் கேட்பார்களோ என்று தயங்கி நாளைத் தள்ளிப் போடும் வீடுகள் உண்டு. இதையே வகுப்பாசிரியர் தம் குரலில் நாற்பது வினாடி பேசி வாய்ஸ் மெசேஜாகப் போட்டால், வாசிக்கச் சிரமப்படும் பெற்றோரும் பாட்டி தாத்தாவும் கேட்டுக்கொள்வார்கள். திருப்பூர் போன்ற ஊர்களில் வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில், தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பெற்றோருக்கும் வாசிக்க வராது. அங்கே வாய்ஸ் மெசேஜ் கட்டாயம்.

டிடிபி கடையில் பாமினி, வானவில் போன்ற எழுத்துருவில் அடித்த சுற்றறிக்கையை அப்படியே நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். எல்லாப் போனிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள், அல்லது போனிலேயே அடித்துவிடுங்கள். நாலு வரிச் செய்திக்கு பிடிஎஃப் வேண்டாம். மெமரி நிறைந்த போனில் அது திறக்காது. தேதி தவறாகப் போய்விட்டால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். அதற்குப் பிறகு எல்லோருக்கும் அழித்துவிட்டு, ‘திருத்தம்’ என்று தலைப்பிட்டு மறுபடி போட வேண்டும்.

பள்ளி திறக்கும் தேதியைச் சொல்லும்போது, மாறினால் எங்கே சொல்வோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெயில் காரணமாக 2023இல் திறப்பு தள்ளித் தள்ளிப் போய், ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஜூன் 14 என்று ஆனது. 2024இல் ஜூன் 6 என்று இருந்தது ஜூன் 10 ஆயிற்று. ஏப்ரலில் ஒட்டிய தாளை மட்டும் நம்பிய வீடு, பூட்டிய கேட்டின் முன் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தும்.

இனி வீட்டிலிருந்து வர வேண்டியவை. போன் எண் மாறியது, வீடு மாறுவது, பெயரிலோ பிறந்த தேதியிலோ திருத்தம், அடுத்த ஆண்டு சேரப்போகும் தம்பி தங்கை. இதைக் குரூப்பில் கேட்டால் பத்து பேர் பதில் போடுவார்கள், அதிலும் குடும்ப விவரம் எல்லோர் கண்ணிலும் படும். வாட்ஸ்அப்பில் உள்ள ‘போல்’ என்ற வாக்கெடுப்பு வசதியில் யார் எதைத் தேர்ந்தார் என்று எல்லோரும் பார்க்கலாம். கூகுள் ஃபார்ம் இணைப்பை ஓடிபி மோசடிக்குப் பயந்து தொடாமலே விடுபவர்கள் நிறைய.

இங்கே தாளை மிஞ்சியது எதுவுமில்லை. ஒரு ஏ4 தாளில் இரண்டு படிவம் அடங்கும். 120 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு 60 தாள் எடுத்தால் போதும்.  படிவத்தின் மேல்பாதியில் தேதிகள், அதை வீட்டில் ஒட்டிக்கொள்ளட்டும். கீழ்பாதி கிழித்துத் தர வேண்டியது: பெயர், வகுப்பு, எமிஸ் எண் (கல்வித் துறையின் கணினிப் பதிவில் மாணவருக்குள்ள எண்), இப்போதைய போன் எண், ஜூனில் இதே பள்ளியா வேறு ஊரா, கையெழுத்து அல்லது கைரேகை. எமிஸ் எண்ணைப் பள்ளியே எழுதிக் கொடுங்கள், வீட்டில் தேட வைக்காதீர்கள். தேர்வு முடியும் நாளில் கொடுத்தால் திரும்பி வராது. முதல் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே போக வேண்டும்.

ஐந்தாம் வகுப்புக்கு இந்தத் தாள் மிக முக்கியம். டிசி எமிஸ் வழியாகத்தான் தயாராகிறது. கொடுத்த பிறகு மாணவரின் விவரம் பொதுத் தொகுப்புக்குப் போய், ஆறாம் வகுப்புப் பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இனிஷியல் தவறோ பிறந்த தேதித் தவறோ இருந்தால் அதற்கு முன்பே சரிசெய்துவிட வேண்டும். பிறகு பெற்றோர் இரண்டு பள்ளிக்கும் நடையாய் நடப்பார்கள்.

ஆண்டு விழாப் படங்களை வகுப்புக் குரூப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவும் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு. கிழித்துத் தரும் பாதியிலேயே அதற்கு ஒரு கட்டம் வைத்துவிடலாம். படத்தின் கீழே பிள்ளையின் பெயரும் ஊரும் வேண்டாம். அச்சடிக்க விரும்பும் பெற்றோருக்கு ஹெச்டியில் அல்லது டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, மேடையில் கடைசி வரிசையில் நின்ற பிள்ளையின் முகம் மங்கிவிடும்.

மே மாதத்துக்குள் பழைய எண்களைக் கட்டாயம் நீக்குங்கள். துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது இங்குள்ள நடைமுறை. ஏப்ரலில் விட்டுப்போன எண் ஆகஸ்டில் யாரோ ஒருவர் கையில் இருக்கலாம். பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளின் வீடுகளையும் சொல்லிவிட்டு நீக்குங்கள். அட்மினாக ஒரே ஒரு ஆசிரியர் இருந்து, அவர் இடமாறுதல் கலந்தாய்வில் வேறு ஊர் போய்விட்டால், அடுத்த செய்தியைப் போட ஆளில்லாமல் குரூப் நின்றுவிடும். தலைமையாசிரியர் பொறுப்பில் பள்ளிக்கென்று ஒரு சிம் வைத்து, அந்த எண்ணோடு இன்னும் இரண்டு பேரையாவது அட்மினாகச் சேர்த்துவிடுங்கள்.