நெஃப்ஜேசி - நாலு வருஷமா எட்டிப் பாக்கறவனோட ரிவ்யூ

எங்க ஊர்ல கிட்னி டாக்டர் நான் ஒருத்தன்தான். டிஎம் (கிட்னி டாக்டராகற மேல்படிப்பு) படிக்கறப்போ வாராவாரம் ஜர்னல் கிளப், அதாவது புது ஆராய்ச்சிப் பேப்பர கூடி அலசற கூட்டம் இருக்கும், கடைசி பெஞ்சுல தூங்கி வழிவேன், வெளிய வந்தப்புறம்தான் ஒரு பேப்பர படிச்சுட்டு "இத நம்பலாமா"ன்னு கேக்க பக்கத்துல ஆளே இல்லன்னு உறைச்சுது. அதுக்குத்தான் ட்விட்டர்ல (எக்ஸுன்னு சொல்ல வாய் வரல) நெஃப்ஜேசி, கிட்னி டாக்டருங்க ஆன்லைன்ல நடத்தற ஜர்னல் கிளப். 2014ல ஜோயல் டாஃப், ஸ்வப்னில் ஹிரேமத் ஆரம்பிச்சது, ரெண்டு வாரத்துக்கு ஒரு பேப்பர், காசு கிடையாது.

விவாதம் அமெரிக்க கிழக்குக் கரை நேரப்படி செவ்வாய் ராத்திரி 9 மணிக்கு, நமக்கு புதன் காலைல 6:30, அங்க குளிர்காலம்னா 7:30, நான் ரவுண்ட்ஸ் கெளம்புற நேரம். அப்புறம் நம்ம நேரத்துக்கே ராத்திரி 9 மணிக்கு ஒண்ணு வச்சாங்க பாருங்க, பொழச்சேன்.

எனக்கு என்ன கெடச்சுதுன்னா, ஸ்டார்ட்-ஏகேஐ ட்ரையல எடுத்துக்கோங்க, திடீர்னு கிட்னி பழுதானவங்களுக்கு டயாலிசிஸ உடனே போடறதா, காத்திருந்து போடறதான்னு பாத்தது, 2020ல வந்தது, 3000 பேருக்கு மேல. ஐசியுல டயாலிசிஸ சீக்கிரம் போட்டாலும் 90 நாள்ல சாவு கொறையல. அத நானே படிச்சுட்டேன். ஆனா காத்திருந்த குரூப்ல கிட்டத்தட்ட 38 சதவீதம் பேருக்கு டயாலிசிஸே போடலங்கறது படிச்சப்போ கண்ணுல பட்டுச்சு, மனசுல நிக்கல. அங்க பழைய விவாதத்த உக்காந்து ஒவ்வொண்ணா படிச்சப்போதான் நின்னுச்சு. இப்ப ராத்திரி ஐசியுல இருந்து "சார் கிரியாட்டினின் (ரத்தத்துல பாக்கற கிட்னி அளவு) 5, டயாலிசிஸ் போட்டுரலாமா"ன்னு போன் வந்தா, உடனே போட்டே ஆகணுமான்னு தெரிஞ்சுக்க மொதல்ல பொட்டாசியம் எவ்ளோ, நுரையீரல்ல தண்ணி இருக்கான்னு கேக்கறேன்.

கொறை இல்லாம இல்ல. நாலு கெளையா பிரிஞ்சு ஓடற பேச்ச பின்தொடர்றதுக்குள்ள கண்ணு பூத்துடும், லேட்டா வந்தா அவ்ளோதான். ஃபாலோயர் நெறைய வச்சிருக்கவர் சொன்னா அதுதான் சரின்னு ஒரு மயக்கமும் வருது, பிஜி (மேல்படிப்பு) பசங்க இதுல உஷாரா இருக்கணும், பேப்பர தொறந்து பாக்காம தலையாட்டாதீங்க. இப்ப கொஞ்ச பேர் ட்விட்டர் மாதிரியே இருக்கற ப்ளூஸ்கை பக்கம் போயிட்டதால கூட்டம் செதறிக் கெடக்கு. அப்புறம் உங்க பேஷண்டோட பயாப்ஸி ஸ்லைட போட்டோ எடுத்து போடறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்கப்பா, பேர மறைச்சா மட்டும் போதாது.

புதுசா வர்றவங்க மொத ரெண்டு மூணு தடவை சும்மா வேடிக்கை பாருங்க, அவங்க முன்கூட்டியே போடற சுருக்கத்த படிச்சுட்டு போங்க. மார்ச்னா நெஃப்மேட்னஸ்னு ஒரு ஆன்லைன் போட்டி, 2013ல இருந்து நடக்குது, பாஸ்கெட்பால் டோர்னமெண்ட் மாதிரி கிட்னி டாபிக்குங்க மோதும், எது ஜெயிக்கும்னு நாம முன்கூட்டியே கணிக்கணும். போன தடவ நான் கணிச்சது மொத ரவுண்டுலயே அவுட்டு.