ஹாப்சன்-ஜாப்சன் அகராதி: மறுபதிப்பை வாங்கலாமா?

காட்பாடியில் ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். சொற்களின் பூர்வீகத்தைப் பசங்களுக்குச் சொல்ல உதவுமே என்று இந்த அகராதியின் மறுபதிப்பை வாங்கினேன். அந்தக் கால ஆங்கிலேயர்கள் இந்தியாவில் புழங்கிய, இன்று அபூர்வமாகிவிட்ட சொற்கள் இதில் குவிந்து கிடக்கின்றன. தொகுத்தவர்கள் யூல், பர்னல். முதல் பதிப்பு 1886. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அதனால் தமிழ்ச் சொற்களுக்குப் பஞ்சமில்லை.

பொருள் சொல்வதோடு நிறுத்தாமல், யார் எந்த ஆண்டில் எப்படி எழுதினார்கள் என்று மேற்கோள்களை வரிசையாகத் தருகிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 'மல்லிகடானி'யைப் பாருங்கள், நம் மிளகுத்தண்ணிதான். அதன் கீழே 1784-ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்று: ஹைதர் அலியிடம் சிக்கிய கப்பற்படைக்காரர் ஒருவர், பெங்களூர்ச் சிறையில் மிளகுத்தண்ணி, இல்லாவிட்டால் கஞ்சி என்று புலம்புகிறார். 'காஞ்ஜி ஹவுஸ்' என்றால் பட்டாளத்து லாக்கப். உள்ளே கஞ்சிதான் கிடைக்கும், அதனால் அந்தப் பெயர். "நம்ம வேலூர்க் கோட்டையிலயும் இருந்திருக்குமா சார்?" என்று ஒரு பையன் உடனே கேட்டான். ஆற்காட்டுக்கும் தனிப் பதிவு உண்டு. 'ஆறு காடுகள்' என்ற கால்டுவெல்லின் விளக்கத்தோடு.

குறை என்றால் அச்சுதான். பழைய பக்கங்களை அப்படியே படமெடுத்துப் போட்டதால் மேற்கோள் எழுத்துகள் பொடியாக, சில இடங்களில் மங்கலாக இருக்கின்றன. வாங்குவதானால் 1903-இல் குரூக் திருத்திய பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள். அதில் சொல்லடைவும் இருக்கிறது.