முழங்கை வலிக்கு பிஆர்பி ஊசியா? மதுரைக்காரர்கள் பணம் கட்டும் முன் படியுங்கள்

எங்கள் மாப்பிள்ளை (தங்கை வீட்டுக்காரர்) சிம்மக்கல் பக்கம் புரோட்டா மாஸ்டர். மாவு பிசைந்து, வீசி, கொத்துப் போட்டே வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி பிடித்துக்கொண்டது. டீ கிளாஸைத் தூக்கினால்கூட சுருக்கென்று இழுக்கும். பைபாஸ் ரோட்டில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனார். "டென்னிஸ் எல்போ. உங்க ரத்தத்தையே எடுத்து ஊசியாப் போட்டா ஜவ்வு புதுசா வளந்துரும், கேரண்டி" என்றார்கள். மூன்று ஊசிக்கு 27,000 ரூபாயை முன்னாடியே வாங்கிவிட்டார்கள். தங்கை வளையலை அடகு வைத்துத்தான் கட்டினாள்.

இந்த ஊசிக்குத்தான் பிஆர்பி (பிளேட்லெட் ரிச் பிளாஸ்மா) என்று பெயர். அப்படி ஒரு சிகிச்சை இருப்பது உண்மை. நம் ரத்தத்தை எடுத்து, சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, தட்டணுக்கள் (ரத்தம் உறையவும் காயம் ஆறவும் உதவும் அணுக்கள்) செறிந்த பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப் பகுதியைப் பிரித்து, அடிபட்ட இடத்தில் செலுத்துவார்கள். சாதாரண ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1.5 முதல் 4.5 லட்சம் தட்டணுக்கள் இருக்கும். ஊசியில் அதைவிடப் பல மடங்கு இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு ஒரு சின்னக் குழாயில் ரத்தம் எடுத்து உள்ளே கொண்டு போனார்கள், கொஞ்ச நேரத்தில் ஊசியோடு வந்தார்கள். எண்ணிக்கை எவ்வளவு, எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. ஸ்கேன் பார்க்கவில்லை, கையால் அமுக்கிப் பார்த்து வலிக்கிற இடத்தில் குத்தினார்கள்.

எனக்கு ஆத்திரம் அடங்காதது அடுத்த விஷயத்தில்தான். அன்றைக்கே டைக்ளோஃபெனாக் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அந்த வகை வலி மாத்திரைகள் தட்டணுக்களின் வேலையையே மட்டுப்படுத்தும். அதனால்தான் பிஆர்பிக்கு முன்னும் பின்னும் சில நாள் அவற்றைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம். ஊசியையும் போட்டு, அதை முடக்கும் மாத்திரையையும் கொடுத்தால் என்ன அர்த்தம்? போதாததற்கு, "ரெண்டு நாள்ல கல்லுக்குப் போகலாம்" என்றும் சொல்லி அனுப்பினார்கள். உடற்பயிற்சி பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு வலி கூடியது. மூன்றாவது வேண்டாம், மீதியைக் கொடுங்கள் என்றோம். "பேக்கேஜ் பணம் திரும்ப வராது." ரசீதில் 'ஊசி' என்று மட்டும்தான் இருந்தது.

அப்புறம் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். கையில் எடையைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாக இறக்கும் பயிற்சி, முழங்கைக்குக் கீழே பட்டை, கொஞ்ச காலம் மாவுப் பக்கம் போகாமல் இருப்பது. கடை முதலாளி நல்ல மனுஷன், கல்லாவில் உட்கார வைத்தார். வலி குறைந்துவருகிறது. பெரும்பாலானோருக்கு இந்த வலி ஓராண்டுக்குள் தானாகவே தணியும் என்று அந்த கிளினிக்கில் யாரும் சொல்லவில்லை. டென்னிஸ் எல்போவுக்கான ரத்த, பிஆர்பி ஊசிகள் பற்றிய 32 ஆய்வுகளைத் திரட்டி 2021இல் வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் சர்வதேச அமைப்பு) அறிக்கையும், மருந்தில்லாத வெறும் போலி ஊசியோடு ஒப்பிட்டால் வலியில் குறிப்பிடத்தக்க பலன் அநேகமாக இல்லை என்றே சொல்கிறது. இதில் கேரண்டி எங்கிருந்து வந்தது?

யாராவது பேக்கேஜ் என்று ஆரம்பித்தால், பயிற்சி செய்து பார்த்தாயிற்றா, ஸ்கேன் பார்த்துப் போடுவீர்களா, தட்டணு அளவை எழுதிக் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். ஒவ்வொரு ஊசிக்கும் தனித்தனியாகப் பணம் கட்டுங்கள், விவரமான ரசீது வாங்குங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நாங்கள் போட்டுவிட்டோம்.